கடன் சங்கத்தில் ஓர் உறுப்பினராக

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி என் கணக்கிலிருந்து மூன்றாம் முறையாகப் பணம் பிடித்தபோதுதான், நடந்துபோகும் தொலைவில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் நினைவுக்கு வந்தது. விண்ணப்பம், ஆதார் நகல், பங்குத்தொகை ஆகியவற்றைக் கொடுத்ததும், செயலாளர் பேரேட்டில் என் பெயரை எழுதி, ரசீதில் முத்திரை குத்தி, "இனிமே நீங்களும் ஒரு பங்குதாரர்தான் சார்" என்றார்.

அது உபசார வார்த்தை இல்லை. எத்தனை பங்குகள் வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான் என்பதே கூட்டுறவின் அடிப்படை. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் வந்த அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் தமிழகத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. லேவாதேவிக்காரர்களின் வட்டியிலிருந்து உழவர்களை மீட்பதே அப்போதைய நோக்கம். எங்கள் சங்கத்தில் இப்போது நகைக்கடனுக்குத்தான் கூட்டம்: மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் தேய்த்து, தராசில் எடை பார்த்து முடிக்கும்வரை பெஞ்சில் ஒருவரும் பேசுவதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. வங்கி நொடித்துப்போனால் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகையை ஈடுகட்டும் வைப்புக் காப்பீடு கூட்டுறவு வங்கிகளுக்கு உண்டு; இத்தகைய தொடக்கச் சங்கங்களுக்கு இல்லை. ஆகவே சேமிப்பில் ஒரு பகுதியை மட்டுமே இங்கு வைத்திருக்கிறேன். அடுத்த பேரவைக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கவும் எண்ணியிருக்கிறேன்.