வீட்டுக்குள்ளே செருப்பா?

வயதானவர் ஒருவர் விழுந்துவிட்டார் என்றதும் குடும்பமே குளியலறையைத்தான் போய்ப் பார்க்கிறது. கம்பி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா? பார்க்க வேண்டியதுதான். இங்கே சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 2012 முதல் முதியோருக்கான 'ஈஸ்' திட்டத்தில் பிடிமானக் கம்பியும் தரைக்கு வழுக்காத பூச்சும் செய்து தருகிறது. சிங்கப்பூரர்களுக்குச் செலவில் 95 விழுக்காடு வரை கழிவும் உண்டு. ஆனால் அந்தத் தரைமேல் நிற்கும் பாதம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. பாதச் சிகிச்சை வேலையில் இருக்கிற எனக்கு அதில் கொஞ்சம் ஆதங்கம்.

சிலர் பார்க்கவே விடமாட்டார்கள். "நீ போய் என் காலைத் தொடலாமாம்மா?" என்று பாட்டிகள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வார்கள். ஒருவழியாகச் சம்மதித்து நகம் வெட்டி முடித்ததும் என் தலையில் கைவைத்து வாழ்த்துகிறவர்களும் அவர்கள்தான். குனிய முடியாமல், கண்ணும் மங்கியவருக்கு நகம் வெட்டுவது லேசான காரியமா? தடித்த நகமோ ஆணிக்காலோ குத்தும்போது, அந்த இடத்தில் எடை விழாதபடி காலைச் சாய்த்து ஊன்றுவார்கள். தடுமாற்றம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

வலி இருப்பவராவது வந்து சொல்வார். நீரிழிவால் உணர்ச்சி மங்கியவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களைத் தொட்டுச் சோதிப்போம். கண்ணை மூடியிருந்த பெரியவர் ஒருவர், நான் பாதிக்கு மேல் தொட்டு முடித்த பிறகு, "எப்பம்மா ஆரம்பிப்பே?" என்றார். கூட வந்த மகன் சிரித்துவிட்டு, உடனே அமைதியானார். தரை எங்கே இருக்கிறது என்பதைப் பாதம் மூளைக்குச் சரியாகச் சொல்லாவிட்டால், இருட்டில் கழிவறைக்குப் போகும்போது கால் எதை நம்பி நடக்கும்?

அப்புறம் காலணி. மருத்துவரைப் பார்க்க வருகிறோம் என்று நல்ல ஜோடியைப் போட்டு வந்துவிடுவார்கள். அதனால் தினமும் மார்க்கெட்டுக்குப் போட்டுப் போவதை எடுத்து வரச் சொல்வேன். திருப்பிப் பார்த்தால் அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்திருக்கும். கால் வீங்குமே என்று ஓர் அளவு பெரிதாக வாங்கியிருப்பார்கள். அது கழன்றுவிடாமல் இருக்க விரல்களை இறுக்கிக்கொண்டே நடப்பார்கள். குதிகாலைப் பிடிக்கிற பின்பட்டை, இறுக்கிக் கட்ட ஒரு வார், தட்டையான பிடிப்புள்ள அடிப்பாகம் இருந்தால் போதும். விலை அதிகமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பயிற்சியும் சொல்லிக்கொடுக்கிறோம். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குவது, கணுக்காலை மடக்கி நீட்டுவது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் கால்வலி உள்ள முதியவர்கள் 305 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. வழக்கமான பாதப் பராமரிப்போடு காலணி ஆலோசனை, காலணிக்குள் வைக்கும் உள்ளணி, பயிற்சி எல்லாம் சேர்த்துப் பெற்றவர்கள், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட ஓராண்டில் 36 விழுக்காடு குறைவாக விழுந்தார்கள். பாட்டிகளிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பயனில்லை, பிள்ளைகளிடம் சொல்வேன்.

ஆனால் அந்த நாட்டு ஆலோசனையை அப்படியே நம் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. வெறுங்காலோடும் காலுறையோடும் வீட்டுக்குள் நடக்காதீர்கள் என்றால், "சாமி இருக்கிற வீட்டுக்குள்ளே செருப்பா?" என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்வி. வெளியே ஒருநாளும் போகாத தனி ஜோடி ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று பேசிப் பார்ப்பேன். சமையலறைக்குச் சரி, இரவில் கழிவறைக்குச் சரி, சாமி மாடம் பக்கம் மட்டும் கிடையாது என்று பேரம் முடியும். நானும் ஒப்புக்கொள்வேன், ஆனால் மாடத்துக்குச் சற்று முன்னால் ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும். ஒற்றைக்காலில் நின்று காலணியைக் கழற்றப் போய் விழுந்துவிடக் கூடாதே.