வைக்கோலிலிருந்து சர்க்கரை: என்சைமைக் குறை சொல்லுமுன்

வைக்கோலையோ கரும்புச் சக்கையையோ வெறுமனே அரைத்து, செல்லுலோஸை உடைக்கும் என்சைமான செல்லுலேஸை ஊற்றி மூன்று நாள் குலுக்கினால், அதிலுள்ள செல்லுலோஸில் ஐந்தில் ஒரு பங்கு குளூக்கோஸ் ஆவதே அதிகம். உடனே என்சைம் சரியில்லை என்று அளவை இரட்டிப்பாக்குவார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முந்தைய படிகளில்தான் இருக்கும்.

செல்லுலோஸ் இழைகளை ஹெமிசெல்லுலோஸும் (வேறு சர்க்கரைகளாலான சங்கிலி) லிக்னினும் (தாவரத்தை விறைப்பாக்கும் பொருள்) சூழ்ந்திருக்கின்றன. லிக்னின் என்சைமின் வழியை மறைக்கிறது. போதாததற்கு, என்சைமையே தன்மேல் ஒட்டவைத்து வீணாக்குகிறது. அதனால்தான் முன்பதப்படுத்தல். வைக்கோலுக்குக் காரமுறை நன்றாக ஒத்துவரும். 1–2 மில்லிமீட்டருக்கு அரைத்த உலர் வைக்கோல் 100 கிராமுக்கு 2 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 1 லிட்டர். ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) 121 டிகிரியில் 1 மணி நேரம். கறுப்பாக வடியும் நீரில்தான் லிக்னினின் பெரும்பகுதி கரைந்து போகிறது. பிறகு கழுவி நன்றாகப் பிழியுங்கள்.

பிழிந்த வைக்கோல் சக்கையை உலர்த்தவே கூடாது. உலரும்போது இழைகளுக்குள் இருக்கும் நுண்துளைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மறுபடி நனைத்தாலும் அவை முழுதாகத் திறப்பதில்லை. என்சைம் உள்ளே நுழைய இடமிருக்காது. ஈரமாகவே உறையிலிட்டு 4 டிகிரியில் வையுங்கள். உலர் எடை தெரிய, ஒரு சிட்டிகை மட்டும் 105 டிகிரியில் காயவைத்தால் போதும். ஈரம் 75 சதவீதம் என்றால் 20 கிராம் ஈரச் சக்கைதான் 5 கிராம் உலர் எடை. கூடவே வரும் 15 மில்லி தண்ணீரை மொத்தக் கொள்ளளவில் கழிக்க மறக்காதீர்கள்.

மொத்தம் 100 மில்லிக்கு: 5 கிராம் உலர் எடைக்கு ஈடான சக்கை, பிஹெச் 4.8 உள்ள 100 மில்லிமோலார் சிட்ரேட் பஃபர் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்) 50 மில்லி, மீதிக்குத் தண்ணீர். என்சைமை இப்போதே ஊற்றாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் இழைக்குள் காரம் தங்கியிருக்கும். அது மெல்லக் கசிந்து பிஹெச்சை ஏற்றிவிடும். அரை மணி நேரம் குலுக்கி, மறுபடி அளந்து, தேவையானால் நீர்த்த அமிலம் விட்டு 4.8–5.0க்குள் கொண்டுவாருங்கள். டிரைக்கோடெர்மா ரீசை பூஞ்சையின் செல்லுலேஸ் பிஹெச் 6ஐத் தாண்டினால் வெகுவாகத் தளர்ந்துவிடும். (இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்தித் துணிகளை அரித்துத் தின்ற பூஞ்சை இதுதான். இன்று தொழிற்சாலைகளில் செல்லுலேஸ் தருவதும் இதன் வழித்தோன்றல்களே.)

என்சைமை மில்லி கணக்கில் பேசிப் பயனில்லை. எஃப்பியு (வடிதாளை உடைக்கும் திறனை அளக்கும் அலகு) கணக்குதான் சரி. சக்கையில் 60 சதவீதம் செல்லுலோஸ் என்றால் 5 கிராமில் 3 கிராம். கிராமுக்கு 20 எஃப்பியு வீதம் 60 எஃப்பியு வேண்டும். பழைய வகைத் தயாரிப்புகளில், செல்லோபயோஸை (இரண்டு குளூக்கோஸ் சேர்ந்த சர்க்கரை) குளூக்கோஸாக உடைக்கும் பீட்டா குளூக்கோசிடேஸ் குறைவாக இருக்கும். அப்போது செல்லோபயோஸ் தேங்கி, முன்னால் வேலை செய்யும் என்சைம்களையே தடுக்கும். பீட்டா குளூக்கோசிடேஸைத் தனியாகச் சேர்த்தால் தீரும்.

50 டிகிரி, நிமிடத்துக்கு 150 சுற்று. 60 டிகிரிக்கு ஏற்றினால் ஆரம்பத்தில் வேகம் கூடும். ஆனால் என்சைம் சிதைந்து, மூன்று நாள் கணக்கில் நஷ்டம்தான். 2, 6, 24, 48, 72 மணியில் மாதிரி எடுத்து, உடனே 5 நிமிடம் கொதிநீரில் வைத்து என்சைமை நிறுத்துங்கள்.

48 மணியில் இருந்த குளூக்கோஸ் 72 மணியில் குறைந்திருந்தால் அது கிருமியின் வேலை. செல்லுலேஸ் சர்க்கரையைத் தின்னாது. பிஹெச்சும் இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். 50 டிகிரியிலும் சில பாக்டீரியாக்கள் செழிப்பாக வளரும். சோதனைக்கு மட்டும் என்றால் 0.02 சதவீத சோடியம் அசைடு போதும். அது கடும் விஷம். அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும், உலோகக் குழாயுள்ள தொட்டியிலும் கொட்டக் கூடாது.

கணக்கில் அடிக்கடி வரும் பிழை இன்னொன்று. செல்லுலோஸ் உடையும்போது தண்ணீர் சேர்வதால் 1 கிராமுக்கு 1.11 கிராம் குளூக்கோஸ் கிடைக்கும். 3 கிராமுக்கு உச்சம் 3.33 கிராம், லிட்டருக்கு சுமார் 33 கிராம். கையில் 25 வந்தால் மாற்றம் 75 சதவீதம். இதை டிஎன்எஸ் முறையில் (எல்லா ஒடுக்கும் சர்க்கரைகளையும் நிறமாற்றத்தால் அளப்பது) அளந்தால் ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸும் செல்லோபயோஸும் கணக்கில் ஏறிவிடும். 100 சதவீதத்தைத் தாண்டிய விளைச்சல்கூடத் தென்படும். குளூக்கோஸை மட்டும் அளக்கும் குளூக்கோஸ் ஆக்சிடேஸ் முறையோ, சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சியோ நம்பகமானது. என்சைம் திரவத்திலேயே சர்க்கரை இருக்கும். சக்கை இல்லாத வெறும் கலவை ஒன்றையும் ஓட்டிக் கழியுங்கள்.

திடப்பொருளை 15 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் கலவை ஈர மண் போலக் கிடக்கும், குலுக்கினாலும் கலக்காது. பாதியை முதலில் போட்டு, இளகிய பிறகு மீதியைத் தவணையாகச் சேருங்கள். அப்படியும் குவியும் குளூக்கோஸே என்சைமைத் தடுக்கும். எத்தனால்தான் இலக்கு என்றால், ஒரு நாள் 50 டிகிரியில் விட்டு, 35க்கு இறக்கி ஈஸ்டைச் சேர்த்துவிடலாம். உருவாகும் சர்க்கரையை அது உடனுக்குடன் தின்றுவிடும். அந்த வெப்பத்தில் என்சைம் மந்தமாகும் என்பதை நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அசைடு போட்ட கலவையில் இதைச் செய்ய முடியாது.