ரூட் செய்த கைப்பேசிக்கு வாரண்டி செல்லாதா?

ஆண்ட்ராய்டு கைப்பேசியை ரூட் செய்தால், அதாவது நிறுவனம் பூட்டிவைத்த முழு அதிகாரத்தை உரிமையாளரே எடுத்துக்கொண்டால், வாரண்டி போய்விடும் என்று சர்வீஸ் சென்டர்களிலும் யூடியூப் காணொளிகளிலும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர்களும் அதை நாட்டின் சட்டம் போலவே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு நிறுவனம் தன் வாரண்டி அட்டையில் எழுதிவைத்திருக்கும் நிபந்தனை. அந்த நிபந்தனை எல்லாப் பழுதுகளுக்கும் செல்லுமா, அல்லது ரூட் செய்ததால் விளைந்த பழுதுக்கு மட்டும் செல்லுமா என்பதையே நாம் கேட்க வேண்டும். ரூட் செய்ததால் கெட்டுப்போன பாகத்துக்கு உரிமையாளரே பொறுப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரூட்டுக்கும் பழுதுக்கும் தொடர்பு உண்டு என்று காட்ட வேண்டியவர் வாரண்டியை மறுக்கிறவரே என்பதும், தொடர்பில்லாத பழுதுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்துவது அநியாயம் என்பதும் என் உறுதியான எண்ணம்.

முதலில், ரூட் என்ற ஒரே சொல்லில் மூன்று தனித்தனிச் செயல்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். கைப்பேசியை இயக்கியவுடன் முதலில் ஓடும் சிறு நிரல் பூட்லோடர். அடுத்து ஏற்ற வேண்டிய, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் தயாரிப்பாளரின் மின்னணுக் கையொப்பம் இருக்கிறதா என்று சரிபார்த்து, இல்லையென்றால் ஏற்ற மறுப்பது அதன் வேலை. அந்த மறுப்பை நீக்குவதே பூட்லோடரை அன்லாக் செய்வது. அப்படிச் செய்யும்போது, கைப்பேசி பிறர் கையில் சிக்கினால் உள்ளிருப்பவற்றை அவர்கள் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, சேமித்து வைத்த அனைத்தும் அழிக்கப்படும். இரண்டாவது செயல், நிறுவனம் கொடுத்த மென்பொருளை நீக்கிவிட்டு லினியேஜ் ஓஎஸ் போன்ற வேறொரு கஸ்டம் ரோமை நிறுவுவது. மூன்றாவதுதான் ரூட். ஆண்ட்ராய்டு லினக்ஸ் கர்னலின் மேல் கட்டப்பட்டது. அதில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண் கொடுக்கப்பட்டிருப்பதால் ஒரு செயலி மற்றொன்றின் கோப்புகளைத் தொட முடியாது. இந்தத் தடுப்புகள் எதுவும் கட்டுப்படுத்தாத, 0 என்ற எண்ணுடைய பயனரின் அதிகாரத்தைப் பெறுவதே ரூட் செய்வது.

இவற்றில் ஒன்றைச் செய்தவர் மற்றதையும் செய்திருப்பார் என்று சொல்ல முடியாது. லினியேஜ் ஓஎஸ் நிறுவிய கைப்பேசி ரூட் இல்லாமலேயே வருகிறது. மறுபக்கம், 2014-இல் ஹேக்கர் ஜார்ஜ் ஹாட்ஸ் வெளியிட்ட டவல்ரூட் என்ற செயலி, லினக்ஸ் கர்னலில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறையைப் பயன்படுத்தி, பூட்லோடரைத் தொடாமலேயே பல கைப்பேசிகளை ரூட் செய்தது. ரூட் செய்ய இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் மேகிஸ்க், 2016-இல் ஜான் வூ என்பவர் உருவாக்கியது. அது கர்னல் அடங்கிய பூட் இமேஜை மட்டும் திருத்துகிறது, சிஸ்டம் பகுதியை அப்படியே விட்டுவிடுகிறது.   

வாரண்டிப் பிரச்சினை முழுவதும், இச்செயல்கள் கைப்பேசியில் விட்டுச்செல்லும் தடயத்தைச் சுற்றியே நிற்கிறது. இதற்குச் சாம்சங்கின் வரலாற்றைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கேலக்ஸி எஸ்2 காலத்தில், நிறுவனத்தின் கையொப்பமில்லாத கர்னலை ஏற்றினால் எத்தனை முறை ஏற்றினோம் என்ற கணக்கு உள்ளே கூடும். கைப்பேசியை இயக்கும்போது திரையில் மஞ்சள் முக்கோணம் ஒன்றும் தெரியும். ரூட் அதிகாரத்தை நிர்வகிக்கும் சூப்பர்எஸ்யூ செயலியை எழுதிய செயின்ஃபயர் என்ற நிரலாளர், அந்தக் கணக்கை மீண்டும் சுழியமாக்க டிரையாங்கிள் அவே என்ற செயலியையும் எழுதினார். பயனர்கள் பலர் ரூட் செய்தார்கள், ஏதாவது பழுதானால் தடயத்தை அழித்துவிட்டுச் சர்வீஸுக்குக் கொடுத்தார்கள். 2013-இல் சாம்சங்கின் நாக்ஸ் பாதுகாப்பு அமைப்பு வந்தபோது அந்த வழி அடைபட்டது. கேலக்ஸி நோட் 3 முதலான கைப்பேசிகளில், சிப்புக்குள்ளேயே ஒரே ஒருமுறை மட்டும் எரியக்கூடிய மின்னணு ஃபியூஸ் வைக்கப்பட்டது. கையொப்பமில்லாத கர்னலோ, கைப்பேசியை மீட்டெடுக்க உதவும் ரெகவரி நிரலோ ஏற்றப்பட்டால் அது 0-இலிருந்து 1 ஆகிவிடும். எந்த மென்பொருளாலும் அதைத் திரும்ப 0 ஆக்க முடியாது, மதர்போர்டையே மாற்ற வேண்டும். மென்பொருளை ஏற்றுவதற்கான டவுன்லோட் மோடுக்குப் போனால் 'நாக்ஸ் வாரண்டி வாய்ட்' என்ற பெயரிலேயே அந்த எண் திரையில் தெரிந்தது.

அந்த ஃபியூஸ் உண்மையில் அளப்பது ரூட்டை அன்று. டவல்ரூட் மூலம் முழு ரூட் அதிகாரம் பெற்றவரின் கைப்பேசியில் அது 0 ஆகவே இருந்தது, ஏனெனில் அந்தச் செயலி பூட் பகுதியைத் தொடவில்லை. ரூட்டே செய்யாமல், காப்புப் படி எடுப்பதற்காக டி.டபிள்யூ.ஆர்.பி. என்ற வெளியார் ரெகவரியை மட்டும் ஏற்றியவரின் கைப்பேசியில் அது 1 ஆனது. பாதுகாப்பு நோக்கில் இந்த ஏற்பாடு நியாயமானதே. அலுவலக ரகசியங்களைக் கைப்பேசியில் வைக்க விரும்பும் நிறுவனத்துக்கு, இந்தக் கருவி ஒருமுறைகூட வேறு மென்பொருளை ஏற்றியதில்லை என்ற உறுதி தேவை. அதைத் தருவதற்காக அமைக்கப்பட்டது அது. ஸ்பீக்கர் ஏன் கெட்டது, திரையில் ஏன் கோடு விழுந்தது என்பதைப் பற்றி அந்த ஃபியூஸுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் சர்வீஸ் மேசையில் அந்த ஒற்றை எண்ணே மொத்தக் கைப்பேசிக்கும் தீர்ப்பாகிவிடுவதுதான் என்னை வருத்துகிறது.

ரூட்டால் எது கெடும், எது கெடாது என்பதை நேர்மையாகப் பிரித்துச் சொல்ல முடியும். தவறான மாடலுக்குரிய மென்பொருளை ஏற்றினால் கைப்பேசி பிரிக் ஆகும், அதாவது செங்கல்போல் இயங்காமல் கிடக்கும். 2018-இல் ஷாவ்மி, பழைய பதிப்புக்குத் திரும்பவிடாத பாதுகாப்பைச் சில மாடல்களில் கொண்டுவந்தபோது, அதைக் கவனிக்காமல் பழைய மென்பொருளை ஏற்றிய ரெட்மி நோட் 5 ப்ரோ கைப்பேசிகள் அடியோடு இயங்காமல் போயின. திருத்திய மென்பொருள் உள்ளே இருக்கும்போதே பூட்லோடரை மீண்டும் லாக் செய்வது இன்னும் ஆபத்தானது. கைப்பேசியின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணும் ரேடியோ அமைப்புகளும் உள்ள பகுதி அழிந்தால் சிம் வேலை செய்யாது. கஸ்டம் கர்னல் மூலம் சிப்பின் வேகத்தைக் கூட்டி, சூட்டுக் கட்டுப்பாட்டையும் தளர்த்தினால் பேட்டரியின் ஆயுள் குறையலாம். ஒலி அளவின் வரம்பை மீறினால் ஸ்பீக்கர் எரிந்துபோகலாம். இப்படிப்பட்ட பழுதுக்கு வாரண்டி கேட்பது சரியன்று. ஆனால் அழுத்த முடியாமல் போன பவர் பட்டனுக்கும், ஆடிப்போன சார்ஜிங் போர்ட்டுக்கும், பசை விட்ட பின்மூடிக்கும் கர்னலோடு என்ன தொடர்பு இருக்க முடியும்?

என் அக்கா மகனின் கைப்பேசியில் வாங்கிய சில மாதங்களிலேயே ஒலியளவு பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. சர்வீஸ் சென்டரில் இருந்தவர் கைப்பேசியை அணைத்து இயக்கினார். பூட்லோடர் அன்லாக் ஆகியிருப்பதாகத் திரை எச்சரித்ததும், பட்டனைப் பார்க்காமலேயே வாரண்டி கிடையாது என்று திருப்பிக் கொடுத்தார். பட்டன் கெட்டதற்கு மென்பொருள் எப்படிக் காரணமாயிற்று என்பதை ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள் என்று நான் கேட்டேன். அவர் உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு வந்தார். சற்று நேரத்தில் கைப்பேசியைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். பணம் எதுவும் வாங்காமல் பட்டனை மாற்றியும் கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாய்மொழியாக எளிதில் சொல்லிவிடும் ஒரு காரணத்தை எழுத்தில் தருவதற்கு யாரும் தயங்கவே செய்வார்கள்.

எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018-இல் போக்கோ எஃப்1 இந்தியாவில் வெளிவந்தபோது, பூட்லோடரை அன்லாக் செய்வதாலும் ரூட் செய்வதாலும் வாரண்டி போகாது என்று அறிவித்தார்கள்; கர்னலின் மூல நிரலையும் தாமதமின்றி வெளியிட்டார்கள். அதன் பலனாக, நிறுவனத்தின் அப்டேட்கள் நின்ற பிறகும் அந்தக் கைப்பேசி கஸ்டம் ரோம்களின் துணையால் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது. அதே 2018-இல் ஹுவாவே, பூட்லோடரைத் திறக்கத் தேவையான அன்லாக் குறியீடு கொடுப்பதையே நிறுத்திவிட்டது. வாடிக்கையாளருக்கு எது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சட்டங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமே இந்த விஷயத்தில் மிகத் தெளிவானது. அங்கே நிறுவனம் விருப்பப்பட்டுத் தரும் வாரண்டி வேறு, விற்பனையாளர்மீது சட்டம் சுமத்தும் இரண்டு ஆண்டுப் பொறுப்பு வேறு. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, வாங்கி ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை, பொருள் கைக்கு வந்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்றால் அதை விற்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, பழைய விதிகள் இருந்த 2012-லேயே, மென்பொருளை மாற்றிய ஒரே காரணத்தால் இந்தச் சட்டப் பாதுகாப்பு பறிபோகாது என்று விளக்கி எழுதியது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டத்தை ரூட்டுக்கு ஆதரவாகப் பலர் காட்டுகிறார்கள். அச்சட்டம் நேரடியாகப் பேசுவது, குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ பயன்படுத்தினால்தான் வாரண்டி என்று நிபந்தனை விதிப்பதைப் பற்றி மட்டுமே.

இந்தியாவில் ரூட் என்ற பெயரைக் குறிப்பிட்டு எழுதிய சட்டம் கிடையாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுதான் வாதிட வேண்டும். அச்சட்டத்தின் 2(46) பிரிவு, நியாயமற்ற ஒப்பந்தம் எது என்பதை விளக்குகிறது. ஒப்பந்தத்தை மீறியதற்காக, ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அளவில் நுகர்வோருக்குத் தண்டனை விதிப்பது அவற்றுள் ஒன்று. பூட்லோடரை அன்லாக் செய்ததற்காகக் கைப்பேசியின் எல்லாப் பாகங்களுக்குமான வாரண்டியையும் ரத்துசெய்வது அந்த விளக்கத்துக்குள் வரும் என்றே நான் வாதிடுவேன். எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிரிவு இருக்கிறது: பொருளால் தீங்கு நேர்ந்தபோது அது மாற்றியமைக்கப்பட்டிருந்தால், அந்தத் தீங்குக்கு இழப்பீடு கேட்கும் பொருள் பொறுப்பு வழக்கை விற்பனையாளர்மீது தொடர முடியாது என்கிறது 87-ஆம் பிரிவு. ரூட் செய்த கைப்பேசியின் பேட்டரி வெடித்துக் காயம்பட்டவருக்கு அது பெரிய தடை. பழுதான பட்டனைச் சரிசெய்யக் கேட்பவரின் வழக்கு அவ்வகையைச் சேர்ந்ததன்று.

ரூட் செய்யலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, வாரண்டிக் காலம் முடியும்வரை காத்திருங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறேன். உரிமை இருப்பது ஒன்று, அதற்காக அலையும் நேரம் வேறு. அதோடு வாரண்டியைவிட நீண்டகாலம் உறுத்தும் இழப்புகளும் உண்டு. சாம்சங்கில் ஃபியூஸ் எரிந்துவிட்டால், பழைய மென்பொருளுக்கே திரும்பினாலும் கோப்புகளைப் பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டரும் சாம்சங்கின் பணம் செலுத்தும் வசதியும் திரும்பி வாரா. ஒரு காலத்தில் சோனி எக்ஸ்பீரியா கைப்பேசிகளில் பூட்லோடரைத் திறந்தால் உள்ளே இருந்த சில மறைகுறி விசைகள் அழிந்து, கேமராவின் படத்தரமே குறைந்தது. வங்கிச் செயலிகளும் யு.பி.ஐ. செயலிகளும் ரூட்டைக் கண்டறிந்தால் திறக்க மறுக்கின்றன. மேகிஸ்க் கொண்டு மறைத்தாலும், கைப்பேசி மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் தன் சோதனையைக் கூகுள் இறுக்கும் ஒவ்வொரு முறையும் மீண்டும் வேலை தொடங்குகிறது. ஒரே கைப்பேசியை வைத்து அன்றாடப் பணப் பரிமாற்றத்தையும் செய்கிறவர் இதை யோசித்தாக வேண்டும்.

வாரண்டிக் காலத்திலேயே ரூட் செய்து, தொடர்பில்லாத ஒரு பாகம் பழுதாகிவிட்டால், முதலில் காப்புப் படி எடுத்துவிட்டு நிறுவனத்தின் மூல மென்பொருளை ஏற்றி, பழுது அப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே உங்களுக்குச் சாதகமான முதல் சான்று. அதை ஒரு காணொளியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்லாக் செய்ததை மறைக்க வேண்டாம், கேட்டால் சொல்லிவிடுங்கள். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்யலாம். அங்கே தீராவிட்டால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். ஒப்பந்தமே நியாயமற்றது என்ற வாதத்தை மட்டும் மாநில ஆணையத்தில்தான் வைக்க முடியும். பழுதின் காரணம் சோதனையில்லாமல் தெரியாது என்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாட்களுக்குள் அறிக்கை கேட்கும் அதிகாரத்தை 38-ஆம் பிரிவு ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஆய்வகக் கட்டணத்தை முதலில் புகார்தாரரே கட்ட நேரிடலாம். ஆகவே அந்தப் பாகத்தின் விலையை விசாரித்துக்கொண்டு இறங்குங்கள்.