கல்லறைத் திருநாளை நமக்குத் தந்த ஓடிலோ

நவம்பர் 2 வந்தால் நம் குடும்பங்களில் யாரும் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. பூசை, மெழுகுவர்த்தி, ஒரு கட்டுப் பூ, சுவா சூ காங் இடுகாட்டுக்கோ அஸ்தி மாடத்துக்கோ ஒரு நடை. இந்தத் தேதியைத் தன் மடங்கள் எல்லாவற்றுக்கும் எழுதி அனுப்பி வழக்கமாக்கியவர் புனித ஓடிலோ. பிரான்சில் குளூனி மடத்தின் ஐந்தாவது தலைவர், ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபைத் துறவி. புதுச்சேரிப் பக்கம் சொந்தம் இருப்பவர்களுக்குக் குளூனி கன்னியர் பள்ளி தெரிந்திருக்கும், அந்தச் சபையின் பெயரில் இருப்பது இதே ஊர்தான். ஆனால் அந்தோணியாரும் செபஸ்தியாரும் நமக்கு எவ்வளவு நெருக்கமோ, அதில் கால்வாசி கூட ஓடிலோ இல்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

962 வாக்கில் ஓவெர்ன் பகுதியில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் கால் விளங்காது. ஒருநாள் வேலையாட்கள் அவரை ஒரு மாதா கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார்கள், நேரமாகியும் திரும்பவில்லை, பிள்ளை தவழ்ந்தே உள்ளே போய்ப் பீடத் துணியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான் என்று அவர் சரித்திரத்தில் வருகிறது. வாழ்நாள் முழுக்க அவர் மாதா பக்தராக இருந்ததற்கு அதுதான் வேர் என்று நான் நம்புகிறேன். 994இல் மடத்துத் தலைவரானார், 1049 ஜனவரி 1 அன்று இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நடுவில் லியோன் பேராயர் பதவி தேடி வந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாரத்தில் சில நாட்களாவது சண்டையை நிறுத்துங்கள் என்று பிரபுக்களை வற்புறுத்திய இயக்கத்திலும் முன்னால் நின்றவர்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பஞ்சக் கதை. 1030களின் தொடக்கத்தில் மழை விடாமல் கொட்டி, விதைக்கவே முடியாமல், மூன்று வருடம் பிரான்சில் கொடும் பஞ்சம். அவரை நேரில் அறிந்த ரால்ஃப் கிளாபர் என்ற துறவி அந்தக் காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்தால் அன்று இரவு சோறு இறங்காது. ஓடிலோ என்ன செய்தார் என்றால், மடத்தின் இருப்பெல்லாம் தீர்ந்த பிறகு கோயில் பாத்திரங்களையே உடைத்து விற்றார், பேரரசர் இரண்டாம் ஹென்றி காணிக்கையாகக் கொடுத்த பொன்னையும் விட்டுவைக்கவில்லை, அப்புறமும் போதாமல் ஊர் ஊராகப் போய்ப் பணக்காரர்களிடம் ஏழைகளுக்காகக் கையேந்தினார். கடுமையாக இருந்து நரகத்துக்குப் போவதைவிட இரக்கம் காட்டியதற்காகப் போவது மேல் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

கல்லறைத் திருநாளும் அந்த மனதிலிருந்து வந்ததுதான். 998 என்று பொதுவாகச் சொல்வார்கள், 1030 வாக்கில் என்பவர்களும் உண்டு. சகல புனிதர்கள் திருநாளுக்கு மறுநாள், குளூனியைச் சேர்ந்த மடங்கள் எல்லாவற்றிலும் மணி அடித்து, இறந்தோர் செபம் சொல்லி, பூசை வைத்து, வரும் ஏழைகளுக்கு உணவு கொடுக்க வேண்டும் என்று கட்டளை. எருசலேமிலிருந்து திரும்பிய ஒரு யாத்திரிகரின் கதையும் இதோடு சேர்ந்து வரும். கப்பல் புயலில் சிக்கி ஒரு தீவில் ஒதுங்க, அங்கிருந்த தவசி அவரிடம், குளூனித் துறவிகளின் செபத்தாலும் தர்மத்தாலும் ஆத்துமாக்கள் கைவிட்டுப் போகின்றன என்று பசாசுகள் புலம்புவதைக் கேட்டேன், போய் அவர்களிடம் சொல் என்றாராம். அப்பாயி சாப்பிட உட்காரும்போதெல்லாம் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு, அதாவது மோட்சம் போகுமுன் பாவம் தீரக் காத்திருப்பவர்களுக்கு, ஒரு பரலோக மந்திரம் சொல்ல வைப்பார், இந்தக் கதையைப் படித்தபோது அவர் குரல்தான் காதில் கேட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. செத்துப்போன சக துறவிகளின் பெயர்களை வாசித்து வேண்டுவது மடங்களில் ஏற்கெனவே இருந்த பழக்கம். உதவி செய்த பிரபுக்களுக்கும் பூசை உண்டு. ஓடிலோ அதைத் திறந்துவிட்டார். உலகம் தோன்றியது முதல் முடியும்வரை இறக்கிற விசுவாசிகள் எல்லோருக்கும் என்று எழுதினார். நினைக்க ஆள் இல்லாதவனுக்கும் அதில் இடம் உண்டு.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் உறைக்க வேண்டும். இங்கே புதிய கல்லறைகளுக்கு 15 ஆண்டுதான், அப்புறம் தோண்டி எடுத்து, மதத்தைப் பொறுத்துத் தகனம் அல்லது மறு அடக்கம். பிடாடாரி என்ற பழைய இடுகாட்டில் இருந்த என் தாத்தாவின் கல்லறையும் 2000களின் தொடக்கத்தில் தோண்டப்பட்டது, அந்த வட்டாரத்தில் இப்போது வீவகவின் அடுக்குமாடி வீடுகள். தாத்தாவுக்கு நாங்கள் இருக்கிறோம், மாடத்தில் அவர் பெயர் இருக்கிறது, சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது அம்மா முந்தானையால் அந்தப் பளிங்கைத் துடைத்துவிடுவார். உரிமை கோர யாரும் வராத கல்லறைகளும் அங்கே இருந்தன. வேலைக்கு வந்த இடத்தில் இறந்து, பெட்டியில் ஊருக்குப் போன பையன்களும் இருக்கிறார்கள்.

ஓடிலோவுக்கே கல்லறை நிலைக்கவில்லை. சூவின்யி என்ற ஊரில், தனக்கு முன் தலைவராக இருந்த மயோலுஸ் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார், நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் யாத்திரை வந்தார்கள், 1793இல் புரட்சிக்காரர்கள் இருவரின் எலும்புகளையும் எரித்துவிட்டார்கள். ஆசீர்வாதப்பர் சபையில் மே 11 அன்று குளூனியின் புனிதத் தலைவர்களை ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள்.

ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோயிலுக்குத் தமிழ்ப் பூசைக்கு வருபவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்த நவம்பரில் பூசைக் கருத்துக்குப் பெயர்கள் எழுதிக் கொடுக்கும்போது, உங்கள் வீட்டுப் பெயர்களுக்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: யாரும் இல்லாத ஆத்துமாக்களுக்காக. அன்று யாருக்காவது ஒரு வேளைச் சாப்பாடும் வாங்கிக் கொடுங்கள், அதுவும் அவர் கட்டளையில் இருக்கிறது.