மதுரை மல்லியில் நான் விட்ட மார்க்

எம்.எஸ்சி. தாவரவியல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் என்னிடம் கேட்டது இதைத்தான்: "மதுரை மல்லி ஒரு வெரைட்டியா?" ஊர்ப்பெருமை வேறு, யோசிக்காமல் ஆமாம் சார் என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

2013-ல் மதுரை மல்லிக்குக் கிடைத்தது புவிசார் குறியீடு. அது வியாபாரத்துக்கான சட்டப் பாதுகாப்பு, தாவரவியல் படிநிலை இல்லை. செடியின் பெயர் ஜாஸ்மினம் சம்பக், சத்தியமங்கலத்தில் பறிக்கும் குண்டுமல்லிக்கும் அதேதான்.

நம்மைக் கவிழ்ப்பது 'ரகம்' என்ற சொல். ஐ.ஆர். 8 நெல்லை ரகம் என்கிறோம், ஆனால் அது கல்டிவார். மனிதர் உருவாக்கிப் பெருக்கியது, அதற்குப் பெயரிடும் விதித்தொகுப்பே தனி, பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் சாய்வில்லாமல் எழுத வேண்டும். தாவரவியல் வெரைட்டி என்பது ஒரு சிற்றினத்துக்குள் (ஸ்பீஷிஸ்) சப்ஸ்பீஷிஸுக்கு (துணைச் சிற்றினம்) கீழே, ஃபார்மாவுக்கு (வடிவம்) மேலே உட்காருகிற படி. இதில் தெளிவாகிவிட்டால் பாதிக் கேள்வி முடிந்தது.

அடுத்து எல்லாரும் வழுக்குவது ஆட்டோனிமில், அதாவது தானாக உருவாகும் பெயரில். அதை நான் பாகற்காயை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். சின்னதாக இருக்கும் மிதிபாகலை மொமோர்டிகா சரான்ஷியா வர். மியூரிகேட்டா என்று பிரித்தார்கள் இல்லையா ('வர்.' என்பது வெரைட்டியின் சுருக்கம்), அப்படிப் பிரித்த உடனேயே தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் பெயர் வைத்த மூலப் பாகலுக்கு வர். சரான்ஷியா என்ற பெயர் யாரும் வைக்காமலே தானாக வந்துவிடும். யாரும் வைக்காததால் அதன் கடைசியில் பெயர் வைத்தவரின் பெயரும் வராது, லின்னேயஸின் 'எல்.' சிற்றினப் பெயரோடு நின்றுவிடும். கடைசியில் 'எல்.' போட்டு மார்க் விட்டவர்கள் எங்கள் வகுப்பிலேயே நாலைந்து பேர்.

விலங்கியல்காரர்கள் புலிக்குப் பேந்தெரா டைக்ரிஸ் டைக்ரிஸ் என்று வெறுமனே மூன்று சொல் எழுதுவார்கள், அவர்களுக்குச் சிற்றினத்துக்குக் கீழே சப்ஸ்பீஷிஸ் என்ற ஒரே படிதான். நமக்குப் பல படிகள் இருப்பதால் 'வர்.' அல்லது 'சப்ஸ்பீ.' எழுதியே ஆக வேண்டும். கையால் எழுதும்போது லத்தீன் சொற்களுக்கு மட்டும் தனித்தனியாக அடிக்கோடு, 'வர்.' கீழே கோடு போகக்கூடாது.

சரி, மனப்பாடம் எப்படி? நான் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்கு நோட்டோடு போனேன். முட்டைக்கோஸ் கேப்பிடேட்டா, காலிஃபிளவர் பாட்ரிட்டிஸ், நூக்கல் காங்கிலோடெஸ், மூன்றும் பிராசிக்கா ஒலரேசியா என்ற ஒரே சிற்றினத்தின் வெரைட்டிகள். பரீட்சையில் இது அப்படியே வந்தது. அன்றைக்கு வாங்கி வரச் சொன்ன தக்காளியை மட்டும் மறந்துவிட்டேன், அம்மா வைத்தது வெறும் மிளகு ரசம்.