பழைய ஹைலக்ஸின் பிரேக் பைப்: குழாயோடு தடத்தையும் மாற்றினோம்

டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என். 106 ஓட்டுகிறவர்கள் கோலாலம்பூர் பக்கம் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1988-லிருந்து 1997 வரை வந்த மாடல். முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில், லீஃப் ஸ்பிரிங், 2.8 டீசல் இஞ்சின். இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் யோசிக்காமல் செலவு செய்கிற நாம், அடியில் ஓடும் இரும்பு பிரேக் பைப்பை மட்டும் கம்பெனி போட்டபடியே விட்டுவிடுகிறோம். அந்த இரும்புக்கு இப்போது முப்பது வயது. அப்படி ஒரு வண்டிக்கு செகாம்புட்டில் ஒரு பட்டறையில் வைத்து பைப் முழுவதையும் மாற்றியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. பைப் எங்கே அழுகுகிறது என்று பார்க்காமல் புதுப் பைப் வாங்கப் போகாதீர்கள். வெளியே தெரியும் நீளம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கிளிப் உட்காரும் இடத்தில்தான் சேதம். உலு லங்காட்டிலோ செம்பனைத் தோட்டத்துச் சாலையிலோ ஏறும் செம்மண், கிளிப்புக்கும் சேசிஸுக்கும் நடுவே போய் அடைந்துகொள்கிறது. வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினாலும் அது போகாது, ஈரத்தோடு அப்படியே இருக்கும். எங்கள் வண்டியில் ஒரு கிளிப்பைத் திருப்புளியால் நெம்பியதும் மண் செங்கல் துண்டு மாதிரி ஒரே கட்டியாக விழுந்தது. அதன் அடியில் பைப் கறுத்து, செதில் செதிலாக இருந்தது. நகத்தால் சுரண்டியபோது செதில் வந்த இடத்தில் பிரேக் ஆயில் கசிந்து நனைந்தது. அரையடி தள்ளிப் பார்த்தால் அதே பைப்பில் பச்சைப் பூச்சுகூடப் போகவில்லை.

ஆகவே பழைய தடத்திலேயே புதுப் பைப் போட்டால், அதே இடத்தில் அதே மண் மறுபடியும் சேரும். தடத்தை மாற்றுவதுதான் இந்த வேலையின் முக்கியப் பகுதி என்பது எங்கள் கருத்து.

பொருளைப் பற்றி. நாங்கள் போட்டது குப்ரோ நிக்கல் குழாய் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்), வெளி விட்டம் 4.75 மி.மீ., அதாவது பழைய கணக்கில் 3/16 அங்குலம். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், பிளேர் அடிக்க (முனையை விரித்து மடிக்க) எளிது. ஒரு சுருள் 25 அடி, 7.62 மீட்டர். ஒரு சுருள் போதும் என்று நினைப்பார்கள், போதாது. இந்த ஹைலக்ஸில் முன்னாலிருந்து பின்னால் போகும் பைப் இரண்டு. அவை மட்டுமே ஒரு சுருளைக் கிட்டத்தட்ட முடித்துவிடும். இரண்டு சுருள் வாங்குங்கள். நட் 24 வாங்குங்கள், சில வீணாகும். வெறும் செம்புக் குழாய் வேண்டாம். கடையில் சில சமயம் ஏர்கோன் செம்புக் குழாயையே நீட்டுவார்கள். அதிர்வில் செம்பு இறுகி வெடிக்கும், அவசர பிரேக்கில் 100 பாருக்கு மேல் ஏறும் அழுத்தத்துக்கு அது செய்யப்பட்டதும் இல்லை. பாதியில் வெட்டி கம்ப்ரெஷன் ஜாயின்ட் போட்டு ஒட்டுவதும் அதே அளவு ஆபத்து.

நட் வாங்கும்போது கவனம். ஜப்பான் வண்டிக்கு வேண்டியது எம்10, பிட்ச் 1.0. அமெரிக்க வண்டிகளுக்கான 3/8 அங்குல, அங்குலத்துக்கு 24 மரை உள்ள நட் பார்வைக்கு அச்சு அசல் இதே மாதிரி இருக்கும், எம்10 துளையில் கொஞ்சம் தளர்வாக ஏறவும் செய்யும். இறுகியது போலவே தோன்றும். அழுத்தம் வரும்போது மரை பிய்த்துக்கொண்டு வெளியே வரும். எந்த நட்டையும் பிளேர் அடிப்பதற்கு முன் வெறும் விரலால் அந்தந்த துளையில் ஏற்றிப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் கடைசி வரை போகவேண்டும்.

பழையதைக் கழற்றுவதில் நேரம் போகும். 10 மி.மீ. சாதாரண ஸ்பானர் நட்டின் முனைகளை உருட்டிவிடும், நட்டைச் சுற்றிலும் பிடிக்கும் பிளேர் நட் ஸ்பானர் அவசியம். முந்தின நாளே துரு கரைக்கும் ஆயில் அடித்து வையுங்கள். அப்படியும் அசையாவிட்டால், பைப்பை நட்டுக்குப் பக்கத்திலேயே வெட்டி, ஆறு முனை சாக்கெட்டை முழுதாக மாட்டித் திருப்பலாம். எப்படியும் எறியப்போகிற பைப் தானே. வீல் சிலிண்டர் பக்கம் தீயைக் காட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டுவிடும், பிரேக் ஆயிலும் எரியக்கூடியது.

கழற்றும் முன் பிரேக் மிதியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமுக்கி ஒரு கட்டையால் முட்டுக் கொடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் உள் துளை மூடிக்கொள்வதால் தொட்டியிலிருந்து ஆயில் சொட்டுவது நின்றுவிடும். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், எனவே பேட்டரி வயரையும் கழற்றுங்கள்.

தடம். துணி காயப்போடும் கம்பியை வைத்து முதலில் மாதிரி வளைத்துப் பார்த்தோம். பாடி மவுண்டுக்குப் பக்கத்தில் மண் தங்கும் பள்ளங்களைத் தவிர்த்து, சேசிஸ் ரெயிலின் உள்பக்கச் சுவரில், பாதி உயரத்துக்கு மேலே கொண்டுபோனோம். அங்கே கல்லும் கிளையும் எட்டாது, தண்ணீர் பீய்ச்சினால் மண் முழுவதும் ஓடிவிடும். ரப்பர் வைத்த பி-கிளிப், 30 செ.மீ.-க்கு ஒன்று. குப்ரோ நிக்கல் மென்மையானது, கிளிப் குறைந்தால் அதிர்ந்து எங்காவது உரசும். கிளிப்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வாஷர் வைத்து இடைவெளி விட்டோம். மண் அடையாமல் இருப்பது அந்தச் சின்ன இடைவெளியால்தான். சேசிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துங்கள். புதிதாகத் துளைத்தே ஆகவேண்டும் என்றால் பக்கச் சுவரில் மட்டும், மேல் கீழ் விளிம்பில் கூடாது. துளைத்த இடத்துக்கு பெயின்ட் அடியுங்கள். புகைக் குழாயிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும், முடியாத இடத்தில் வெப்பத் தகடு.

பைப்புக்குப் பாதுகாப்பு என்று வரிவரியான பிளாஸ்டிக் உறை போடுகிற பழக்கம் உண்டு. மண் போகும் பாதையில் அதைப் போடவே கூடாது. உள்ளே போன சேறு வெளியே வராது, பைப் தெரியாததால் யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

மாஸ்டர் சிலிண்டர் இருப்பது பாடியில். பைப் இறங்கிப் போவது சேசிஸில். இரண்டுக்கும் நடுவே ரப்பர் மவுண்ட், காட்டில் இரண்டும் தனித்தனியாக அசையும். அந்தத் தாண்டும் இடத்தில் பைப்பை ஒரு முழுச் சுற்று வளைத்து விடுங்கள். நேராக இழுத்துக் கட்டினால் நட்டின் ஓரத்தில் வெடிக்கும். பின் ஆக்சிலில் பைப்பை மேல்புறம், பின்பக்கமாகக் கட்டினோம். முன்னாலிருந்து வரும் மரக்கட்டை முதலில் ஆக்சிலில்தான் மோதும்.

இனி பிளேர். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஜப்பான் வண்டிக்கு இரட்டை மடிப்பு பிளேர், 45 டிகிரி. ஐரோப்பிய வண்டிகளின் குமிழ் பிளேர் இதில் உட்காராது. குழாயைச் சின்ன கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிச் சுற்றி வெட்டுங்கள். ஹேக்சா பிளேடு தூளை உள்ளே விடும், அந்தத் தூள் மாஸ்டர் சிலிண்டர் ரப்பரைத்தான் கிழிக்கும். வெட்டிய முனையை அரத்தால் சதுரமாக்கி, உள் விளிம்பின் பிசிறை எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு நட்டைக் குழாயில் மாட்டுங்கள். அடிக்கடி மறப்பது இதைத்தான், பிளேர் அடித்தபின் நட்டை மாட்ட வழியே இல்லை. முனையிலிருந்து 4 செ.மீ. நேராக இருக்க வேண்டும், அதற்குள் வளைவு வந்தால் டை (பிளேர் கருவியில் குழாயைப் பிடிக்கும் அச்சு) பிடிக்காது.

குழாய் டைக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு, கருவியோடு வரும் அடாப்டரின் படி உயரமே அளவு. ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவி, அடாப்டரோடு முதல் அழுத்து. முனை குமிழும். அடாப்டரை எடுத்துவிட்டுக் கூம்பால் இரண்டாவது அழுத்து. குமிழ் உள்ளே மடிந்து இரட்டைச் சுவராகும். அதை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வட்டம் குழாயோடு ஒரே மையத்தில் இருக்கிறதா, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கிறதா, மயிரிழை விரிசல் உண்டா. ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வெட்டு சதுரமாக இல்லை என்று பொருள். சந்தேகப்பட்டதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் அடியுங்கள். அதற்காகவே ஒவ்வொரு துண்டையும் ஓர் அங்குலம் கூட்டி வெட்டுவது நல்லது.

இறுக்கம் 15 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் இறுக்கிக் கசிவை நிறுத்த முயன்றால் பிளேர் நசுங்கும். புதுக் குப்ரோ நிக்கல் பிளேரை ஒருமுறை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கினால் இருக்கையோடு நன்றாகப் பொருந்திக்கொள்ளும்.

பின்னால் போகும் இரண்டாவது பைப்பைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸில் சுமை உணரும் வால்வு இருக்கிறது, ஒரு கம்பி அதை ஆக்சிலோடு இணைக்கும். ஒரு பைப் பின் பிரேக்குக்கான அழுத்தத்தைக் கொண்டுவருகிறது. இன்னொன்று முன் பிரேக்கின் சுற்றிலிருந்து வருகிறது. முன் சுற்றில் கசிவு ஏற்பட்டு அழுத்தம் போய்விட்டால், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைக்காமல் முழுதாக விடும். அது தெரியாமல் 'இது உபரி' என்று அந்தப் பைப்பை அடைத்துவிட்ட வண்டிகள் உண்டு. அடைக்காதீர்கள்.

வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தால் இந்த வால்வு தவறாகப் புரிந்துகொள்ளும். பாரம் ஏற்றினால் ஆக்சில் சேசிஸை நெருங்கும், வால்வு பின்னால் அதிக அழுத்தம் விடும். உயர்த்திய வண்டியில் இடைவெளி கூடிவிடுவதால் எப்போதும் காலி வண்டி என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பி மாட்டும் ஆக்சில் பிராக்கெட்டை, உயர்த்திய அதே அளவுக்கு உயர்த்துங்கள்.

ரப்பர் ஹோஸ்களையும் இதோடு மாற்றிவிடுங்கள். பழைய ஹோஸ் உள்ளே வீங்கி, அமுக்கும்போது ஆயிலை விட்டு, திரும்பி வர விடாமல் பிடித்துக்கொள்ளும். பிரேக் விடாமல் சூடாகும். நீளத்தை அளக்க வண்டியைச் சேசிஸில் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, அப்சார்பர் மாட்டியபடியே பிராக்கெட்டுக்குப் பிராக்கெட் அளந்து, 3 முதல் 5 செ.மீ. கூட்டுங்கள். முன்னால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஹோஸின் மேல் ஓடும் கோடு திருகியிருந்தால் ஹோஸே முறுக்கிக்கொண்டிருக்கிறது, அவிழ்த்து மாட்டுங்கள்.

பிரேக் ஆயில் டாட் 4 தரம். புதிதாக 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் 155. டாட் 3-க்கு இது 205, 140. கெந்திங் இறக்கத்தில் பாரத்தோடு வருகிற டீசல் வண்டிக்கு அந்த வித்தியாசம் பெரியது. திறந்து வைத்த பழைய போத்தலைப் பயன்படுத்தாதீர்கள், நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம். ஒரு லிட்டர் போதும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பைப்புக்குள் புகுந்த காற்றை எடுப்பதற்கு முன்னால், பின் சக்கர டிரம்மின் ஷூவைச் சரியாக அட்ஜஸ்ட் செய்துவிடுங்கள். இல்லையென்றால் எவ்வளவு காற்று எடுத்தாலும் மிதி ஆழமாகவே போகும். வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது, கடைசியில் சுமை வால்வின் நிப்பிள் (காற்றை வெளியே விடத் திறக்கும் சிறு திருகு). கீழே இருப்பவர் தெளிவான குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள போத்தலில் முக்கி வைத்திருப்பார்.

"தம்பி, அமுக்கு."

"அமுக்கிட்டேன் ணே."

"பிடிச்சுக்கோ, விட்டுடாதே." நிப்பிள் கால் திருப்பு திறக்கும், குமிழ்கள் ஓடும், மூடும். "இப்ப விடு."

மூடுவதற்கு முன் மேலே இருப்பவர் விட்டுவிட்டால் காற்று திரும்ப உள்ளே ஏறும், ஆகவே வாய்விட்டுச் சொல்லிச் செய்வது முக்கியம். மிதிக்கு அடியில் ஒரு கட்டை போடுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதி வழக்கமாக ரப்பர் போகாத இடம், அங்கே துரு இருக்கும். மிதியைத் தரை வரை அடித்தால் ரப்பர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். பைப் மாற்றிய பிறகு மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று புலம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தொட்டியில் ஆயில் அளவு குறையாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

முடிந்ததும் இஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் மிதியைப் பலமாக அமுக்கிப் பிடியுங்கள். இன்னொருவர் ஒவ்வொரு நட்டையும் வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பார்க்கட்டும். எங்கும் ஈரம் இல்லாமல் மிதி மட்டும் மெதுவாக இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. வெற்றிடத்தால் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரையும் பாருங்கள். டீசலுக்கு வெற்றிடம் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் உள்ள பம்பிலிருந்து வருகிறது. இஞ்சினை நிறுத்தி மிதியைச் சில தடவை அடித்து, அமுக்கியபடி ஸ்டார்ட் செய்தால் மிதி லேசாகத் தாழ வேண்டும். பிறகு வெறும் இடத்தில், டூ வீல் டிரைவில், மெதுவான வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். மறுநாள் எல்லா நட்டையும் டிஷ்யூ வைத்து இன்னொரு முறை. முதல் காட்டுப் பயணம் முடிந்து கழுவியதும் மறுபடியும், குறிப்பாக ஆக்சில் மேல் உள்ள மூன்று வழி ஜாயின்டை.

காட்டுக்குப் போகும்போது எம்10×1.0 அடைப்பு நட் இரண்டு, பிளேர் நட் ஸ்பானர், மூடி திறக்காத ஒரு போத்தல் ஆயில் எடுத்துச் செல்லுங்கள். ஆக்சிலில் ஒரு பக்கப் பைப் அறுந்தால், மூன்று வழி ஜாயின்டில் அந்த வாயை மட்டும் அடைத்து, காற்று எடுத்து, லோ ரேஞ்சில் மெதுவாக வெளியே வந்துவிடலாம். அடைத்த நட்டோடு நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. அங்கிருந்து லோரியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.