போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு

தம்பி நியூயார்க்கில் இருக்கிறான். அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும். நடுவில் இறங்கி விமானம் மாற அவர் முழங்கால் இடம் தராது. அதனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானம். ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே செய்த ரகம். எகானமி வகுப்பே கிடையாது. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, மொத்தமே 161 இருக்கைகள். அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் சுமக்க வேண்டுமே, ஆளையும் சரக்கையும் குறைத்துவிட்டார்கள். டிக்கெட் விலையில் அது தெரியும்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை சுமார் 15,350 கிலோமீட்டர். நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தீர்க்கரேகைப்படி சாங்கி கிழக்கே 104 டிகிரி, ஜேஎஃப்கே மேற்கே 74 டிகிரி. கூட்டினால் 178; 180 என்றால் நேர் எதிர். கிட்டத்தட்ட பூமியின் எதிரெதிர்ப் பக்கம், அதனால் குறுக்குவழி வட துருவத்தை ஒட்டித்தான். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி, அங்கிருந்து ஜேஎஃப்கேவுக்கு 49.4. ஆக 138. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்குங்கள், பக்கத்தில் வந்துவிடும்.

ஆனால் நாங்கள் துருவப் பக்கமே போகவில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் காற்று இருக்கிறது. அது முதுகில் தள்ளினால், சுற்றுவழியும் லாபம்தான். போகும்போது ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைத் தாண்டினோம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழி. திரையில் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "போறப்பவும் கிழக்கு, வர்றப்பவும் கிழக்கா? அப்போ உலகத்தையே சுத்திட்டோமாடா?" ஆமாம், சுற்றித்தான் விட்டோம். காற்றைப் பொறுத்து இந்த வழி மாறும். அதனால் கிலோமீட்டரை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது. திரும்பும் பயணம் அட்டவணையில் 18 மணி 40 நிமிடத்தை ஒட்டி இருந்தது, போகும் பயணம் அதைவிடக் கொஞ்சம் குறைவு.

நேரத்தைவிடத் தேதிதான் குழப்பும். மதியம் சிங்கப்பூரில் ஏறி, அதே தேதி மாலை நியூயார்க்கில் இறங்கினோம். திரும்பும்போது இரவு பத்தரை வாக்கில் ஏறினால், இறங்குவது தேதிப்படி இரண்டு நாள் கழித்து விடியற்காலை. அழைத்துப் போக வருகிறவர்களிடம் இறங்கும் தேதியைச் சொல்லுங்கள், ஏறும் தேதியை அல்ல.

கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. நாங்கள் போனது கோடையில். கடிகாரத்தைத் திருப்பவே வேண்டியதில்லை, காலை எட்டு இரவு எட்டாகிவிடும். அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கு மட்டும் முன்பே டாக்டரிடம் கேட்டு, விமானத்துக்குள் சிங்கப்பூர் நேரப்படியே கொடுத்தேன்.

பிரீமியம் எகானமியில் வால் பக்கம் சன்னலோரமாகச் சில ஒற்றை இருக்கைகள் உண்டு. யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும், முழங்கால் வலிக்காரர்கள் யோசிக்காமல் கொடுத்துவிடலாம்.